இணையத்தை முற்றிலும் விட்டவர்களின் மனநிலை: நிம்மதியா, வெறுமையா?

குறிப்பேடு எழுதியது:

எனக்கு விடை தெரியாத ஒரு கேள்வியை முன்வைத்து இந்த இழையைத் தொடங்குகிறேன். சில மாதங்களுக்கு முன் வீட்டு இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டேன். கைபேசியிலும் டேட்டாவை நிறுத்திவிட்டு, அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமே அதைப் பயன்படுத்துகிறேன். தவிர்க்க முடியாத வேலைகளை அலுவலகக் கணினியில் முடித்துக்கொள்கிறேன். இதை எழுதுவதும் அலுவல் நேரம் முடிந்தபின் அங்கிருந்துதான். இணையத்தைத் துறந்தவர்கள் எழுதியவற்றை முன்னதாகவே நிறையப் படித்திருந்தேன். முதலில் தவிப்பு, பிறகு தெளிவு, அதன்பின் நிலையான நிம்மதி என்றுதான் அவற்றில் பெரும்பாலானவை சொல்லின. எனக்கு முதல் இரண்டும் அப்படியே நடந்தன. மூன்றாவது மட்டும் வரவே இல்லை.

தவிப்பு நான் நினைத்ததைவிட உடல் சார்ந்ததாக இருந்தது. மின்தூக்கிக்காகக் காத்திருக்கும் அரை நிமிடத்தில் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். செயலி முன்பு இருந்த இடத்தைக் கட்டைவிரல் தேடும். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் திரையை இடமும் வலமுமாகத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைப்பேன். அதிராத போன் அதிர்ந்ததாகவும் அடிக்கடி தோன்றும். இவையெல்லாம் மெல்ல ஓய்ந்தன. தூக்கம் சீரானது, ஒரு நூலை எடுத்தால் அத்தியாயம் முடியும்வரை கீழே வைக்காமல் படிக்க முடிந்தது, காலையில் எழும்போதே இருந்துவந்த காரணமற்ற படபடப்பும் குறைந்தது. இவற்றை நான் மறுக்கவில்லை.

சிக்கல் மாலை ஏழு மணிக்குப் பிறகான நேரத்தில்தான். வேலை முடிந்து, உணவு முடிந்து, படிப்பதற்கும் மனம் ஓடாதபோது, பல ஆண்டுகளுக்கு முன் நடந்த மனக்கசப்புகளும் முடிக்காமல் விட்ட உறவுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. முன்பெல்லாம் அவை தலைகாட்டும் முன்பே ஏதாவது ஒரு காணொளி வந்து மறைத்துவிடும். இப்போது மறைப்பதற்கு எதுவும் இல்லை. அப்படியானால் இணையம் என் மனநிலையைக் கெடுத்துக்கொண்டிருந்ததா, அல்லது ஏற்கெனவே கெட்டிருந்த மனநிலையை மூடி வைத்திருந்ததா? இதே வழியில் போனவர்கள் என்ன கண்டீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

வரப்புயர எழுதியது:

உங்கள் கேள்விக்கு ஓரளவு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு ஒன்று 2025 பிப்ரவரியில் பிஎன்ஏஎஸ் நெக்ஸஸ் என்ற அறிவியல் இதழில் வெளிவந்தது. அதில் கலந்துகொண்ட 467 பேரின் திறன்பேசிகளில் இரண்டு வாரங்களுக்கு இணையத்தை மட்டும் ஒரு செயலியால் தடுத்தார்கள். அழைப்பும் குறுஞ்செய்தியும் வழக்கம்போல இயங்கின, கணினியில் இணையத்தைப் பயன்படுத்தவும் தடை இல்லை. அதாவது, ஏறக்குறைய நீங்கள் இப்போது இருக்கும் நிலைதான். தொடர்ந்து கவனம் செலுத்தும் திறன், மனநலம், வாழ்க்கை பற்றிய நிறைவு ஆகிய மூன்றையும் அளந்தபோது, பங்கேற்றவர்களில் 91 விழுக்காட்டினருக்கு இவற்றில் ஒன்றிலாவது முன்னேற்றம் தெரிந்தது. கவனத்தில் ஏற்பட்ட முன்னேற்றம், வயது கூடுவதால் பத்து ஆண்டுகளில் இழக்கும் அளவுக்கு இணையானது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆனால் செய்தித்தாள்கள் தலைப்பில் போடாத இரண்டு செய்திகள் அதே ஆய்வில் இருக்கின்றன. ஒன்று, தடையை 14 நாட்களில் குறைந்தது 10 நாட்களாவது காப்பாற்றியவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் மட்டுமே. பயன்பாட்டைக் குறைக்கும் ஆவலோடு வந்தவர்களுக்கே இது இவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது. இன்னொன்று, முன்னேற்றம் எதனால் வந்தது என்று அவர்கள் தேடியபோது, விடுபட்ட நேரத்தில் மக்கள் பிறரை நேரில் சந்தித்ததும், உடற்பயிற்சி செய்ததும், வெட்டவெளியிலும் மரம் செடிகளுக்கு நடுவிலும் கூடுதலாக இருந்ததும், கொஞ்சம் அதிகம் தூங்கியதும் முக்கியக் காரணங்களாகத் தெரிந்தன. இணையம் போனதால் மட்டும் மனம் தெளிந்துவிடவில்லை. போன இடத்தில் வேறொன்று வந்து அமர்ந்ததால்தான் தெளிந்தது. உங்கள் மாலைப்பொழுதில் அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறதோ என்று தோன்றுகிறது.

சாய்வுநாற்காலி எழுதியது:

இந்தத் துறவு இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது என்பதே என் கருத்து. யாரையும் புண்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. மனம் சரியில்லை என்றால் காரணத்தைக் கையில் இருக்கும் கருவியில் தேடுவது எளிது. வேலையிலோ குடும்பத்திலோ கடனிலோ தேடுவது கடினம். 2019இல் நேச்சர் ஹ்யூமன் பிஹேவியர் இதழில் ஏமி ஓர்பனும் ஆண்ட்ரூ ஷ்பில்ஸ்கியும் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரின் தரவுகளை ஆராய்ந்து, அவர்களுடைய மனநலத்தில் ஒருவருக்கொருவர் காணப்படும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 விழுக்காட்டை மட்டுமே டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடியும் என்று காட்டினார்கள். மீதியுள்ள 99.6 விழுக்காட்டைப் பற்றி யாரும் துறவு மேற்கொள்வதில்லை.

குறிப்பேடு அவர்களின் கதையை ஏற்கெனவே ஒருவர் பெரிய அளவில் வாழ்ந்து பார்த்துவிட்டார். தி வெர்ஜ் இதழின் செய்தியாளர் பால் மில்லர், 2012 மே மாதத் தொடக்கத்திலிருந்து ஓராண்டு முழுவதும் இணையத்தைத் தொடவில்லை. முதல் சில மாதங்கள் அவருக்கும் சொர்க்கம்தான். நடந்தார், உடல் எடை குறைந்தது, தடித்த நூல்களைப் படித்தார், வாசகர்கள் அனுப்பிய கடிதங்களை ஆசையோடு பிரித்தார். ஆண்டின் பிற்பகுதியில் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதே அவருக்குச் சுமையாகிவிட்டது. வெளியே போவதும் குறைந்து, சோபாவில் சாய்ந்துகொண்டு இணையம் தேவைப்படாத வீடியோ விளையாட்டுகளில் பொழுதைக் கழித்தார். தன் குறைகளுக்கெல்லாம் இணையமே காரணம் என்று நம்பிப் போனவர், அது இல்லாமலும் அதே குறைகளோடு இருப்பதைக் கண்டு 2013 மே 1 அன்று திரும்பி வந்து அதை வெளிப்படையாக எழுதினார். சோம்பல் புதிய வாகனம் ஏறிக்கொள்ளும், அவ்வளவுதான்.

வரப்புயர எழுதியது:

0.4 விழுக்காடு என்பது எல்லாரையும் ஒன்றாகக் கலந்து எடுத்த சராசரி என்பதைச் சாய்வுநாற்காலி அவர்கள் கவனிக்க வேண்டும். ஒருவருக்கு இணையம் நன்மையும் இன்னொருவருக்குத் தீமையும் செய்தால், இரண்டையும் கூட்டிப் பார்க்கும்போது ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றுதான் வரும். அதோடு அது தொடர்பை மட்டுமே அளந்த ஆய்வு. விலகினால் என்ன ஆகும் என்பதை அறிய, விலக்கி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தவர்களும் உண்டு. 2018இல் அமெரிக்க இடைக்காலத் தேர்தல் நேரத்தில், ஹண்ட் ஆல்காட்டும் உடன் ஆய்வாளர்களும் பணம் கொடுத்துச் சிலரை நான்கு வாரங்களுக்கு ஃபேஸ்புக் கணக்கை முடக்கச் சொன்னார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. மனநிறைவு கூடியது, ஆனால் சிறிதளவே கூடியது. கூடவே நாட்டு நடப்புகள் பற்றிய அவர்களுடைய அறிவும் குறைந்தது, அரசியல் காழ்ப்பும் குறைந்தது. எனக்குச் சுவையாகத் தோன்றியது அதன் பின்விளைவுதான். பணம் பெறும் காலம் முடிந்து, யாரும் தடுக்காத வாரங்களிலும் அவர்கள் முன்பைவிடக் குறைவாகவே ஃபேஸ்புக்கைப் பயன்படுத்தினார்கள். விலகியிருந்த காலத்தில் மிச்சமான நேரத்தில் ஒரு பகுதி தனியாகத் தொலைக்காட்சி பார்ப்பதற்கும் ஒரு பகுதி குடும்பத்தோடும் நண்பர்களோடும் இருப்பதற்கும் போயிற்று. சோபாவும் உண்டு, சொந்தபந்தமும் உண்டு. பால் மில்லரை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

கடைசிப்பெட்டி எழுதியது:

இந்த விவாதத்தில் இதுவரை பேசியவர்கள் எல்லாரும் வீட்டுக்கு வெளியே போய் மனிதர்களைப் பார்க்கக்கூடியவர்கள் என்று நினைக்கிறேன். நான் படுக்கையில் இருக்கும் தாயைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதுதான் என் பயணம். அம்மாவுக்கு வந்திருக்கும் நோய் பரவலானது அன்று. அதே நோயாளிகளைப் பராமரிப்பவர்கள் கூடும் குழு ஒன்று இணையத்தில்தான் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அம்மா விழுங்க முடியாமல் திணறிய பிறகு, அடுத்த வாய் கொடுக்கலாமா கூடாதா என்று கை நடுங்க உட்கார்ந்திருந்தபோது, வேறொரு நேர மண்டலத்தில் விழித்திருந்த ஒரு பெண்மணி எனக்குப் பதில் எழுதினார்: இப்போது எதுவும் கொடுக்காதீர்கள், தலையை உயர்த்தி நிமிர்த்தி உட்கார வையுங்கள், மூச்சு சீராகவில்லை என்றால் காத்திருக்காமல் அவசர உதவியை அழையுங்கள் என்று. அவருடைய முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

நெருங்கிய உறவினர் ஒருவர், நான் சோர்ந்திருப்பதற்குக் கைபேசிதான் காரணம் என்று வற்புறுத்தியதால், ஒரு கோடைக்காலத்தில் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தூக்கம் கூடவில்லை, ஏனென்றால் தூக்கத்தைக் கெடுத்தது திரை இல்லை. மனம் தெளியவும் இல்லை. என் நாளைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னாலே புரிந்துகொள்ளும் மனிதர்கள் மட்டும் இல்லாமல் போனார்கள். மாற்றுத்திறனாளிகள், ஊர்விட்டு ஊர் வந்து தனித்திருப்பவர்கள், சொந்த வீட்டிலேயே தங்களைப் பற்றி வாய்திறக்க முடியாதவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். இணையத்தை விடுவது நல்லது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லும்போது, இவர்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

பின்னூசி எழுதியது:

செயலிகளை உருவாக்கும் துறையில் இருப்பவன் என்ற முறையில் ஒரு சிறு குறுக்கீடு. நாம் அனைவரும் இணையம் என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு பொருட்களைக் குறிக்கிறோம். கடைசிப்பெட்டி அவர்கள் சொல்லும் குழு, அவர் தேடிப் போகும் இடம். கேள்வியோடு போகிறார், பதிலோடு திரும்புகிறார். குறிப்பேடு அவர்களின் கட்டைவிரல் தேடியது அந்த இடத்தை அன்று.

முடிவே இல்லாமல் கீழே நீண்டுகொண்டே போகும் பக்கத்தை 2006இல் ஏசா ராஸ்கின் வடிவமைத்தார். அதனால் விளைந்ததைப் பற்றிப் பின்னாளில் அவரே வருத்தம் தெரிவித்தார். பக்கத்துக்கு முடிவு இருந்தவரை, அந்த இடத்தில் ஒரு கணம் நின்று, போதுமா என்று யோசிக்க இடம் இருந்தது. அந்தக் கணத்தைத்தான் எடுத்துவிட்டார்கள். அதோடு, அடுத்து வருவது சுவையானதா சப்பென்று இருக்குமா என்பது தெரியாது. பரிசு எப்போது வரும் என்று தெரியாதபோதுதான் விலங்குகள் பொத்தானை விடாமல் அழுத்துகின்றன என்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் கடந்த நூற்றாண்டிலேயே புறாக்களை வைத்துக் காட்டிவிட்டார். எங்கள் துறையில் இது யாருக்கும் தெரியாத இரகசியம் இல்லை. செயலியின் மூலையில் தெரியும் எண்ணுக்குச் சிவப்பு நிறம் போடுவதா சாம்பல் நிறம் போடுவதா என்பதற்குக் கூட நாங்கள் கூட்டம் போட்டுப் பேசுவோம். சாம்பல் நிறம் வெற்றி பெற்று நான் பார்த்ததில்லை.

எனவே, முழுவதும் விட்டுவிட முடியாதவர்களுக்கு என் யோசனை: அறிவிப்புகளில் மனிதர்கள் நேரடியாக அனுப்புபவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் அணைத்துவிடுங்கள், சமூக ஊடகத்தைச் செயலியாக வைத்திருக்காமல் கணினியின் உலாவியில் மட்டும் திறங்கள், ஒவ்வொரு முறையும் கணக்கிலிருந்து வெளியேறிவிடுங்கள். கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும் அந்தச் சிறு தொல்லையே பாதி வேலையைச் செய்துவிடும்.

இடைவேளை எழுதியது:

நான் மனநல ஆலோசகராகப் பணிபுரிகிறேன். இங்கே எழுதுவது பொதுவான கருத்துதானே தவிர, தனிப்பட்ட யாருக்குமான சிகிச்சை ஆகாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இணைய அடிமைத்தனம் என்ற சொல் எளிதாகப் புழங்குகிறது. ஐவன் கோல்ட்பர்க் என்ற மனநல மருத்துவர் 1995இல் அந்தப் பெயரில் ஒரு நோயைப் பட்டியலிட்டதே வேடிக்கைக்காகத்தான். பலர் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு உதவி கேட்டு வந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, அதில் தனி நோயாக இடம்பெற்றது வீடியோ விளையாட்டுக் கோளாறுதான். பொதுவான இணையப் பயன்பாட்டுக்கு அப்படித் தனிப் பெயர் தரப்படவில்லை. துன்பம் பொய் என்பது இதற்குப் பொருள் அன்று. எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்காகவே சொல்கிறேன்.

என்னிடம் வருபவர்களிடம் நான் மணிக்கணக்கைக் கேட்பதில்லை. கைபேசியை எடுப்பதற்குச் சற்று முன் மனத்தில் என்ன இருந்தது, வைத்த பிறகு என்ன இருந்தது என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு வரச் சொல்வேன். சிலருடைய தாளில் முன்பக்கம் எல்லாம் சலிப்பு என்றே இருக்கும். அவர்களுக்குப் பழக்கத்தை மாற்றினாலே போதும். சிலருடைய தாளில் முன்பக்கம் துக்கம், பயம், குற்ற உணர்வு என்று இருக்கும், பின்பக்கம் வெறுமை என்று இருக்கும். அவர்கள் இணையத்துக்குள் போவதில்லை, வேறெங்கிருந்தோ தப்பி ஓடுகிறார்கள். ஓடிப்போய் நிற்கும் இடத்தைப் பூட்டிவிட்டால் ஓடவைத்தது நேருக்கு நேர் வந்து நிற்கும். குறிப்பேடு அவர்கள் விவரித்த மாலைப்பொழுது இதைத்தான் எனக்கு நினைவூட்டுகிறது. அவர் எழுப்பிய இரண்டு கேள்விகளுக்கும் விடை ஆம் என்றே இருக்கலாம்: மூடி வைத்தது, மூடி வைத்ததாலேயே ஆற விடாமலும் செய்தது.

மனச்சோர்வுக்கான சிகிச்சையில் நன்கு சோதிக்கப்பட்ட ஒரு முறை, மனம் விரும்பும்வரை காத்திருக்காமல், முன்கூட்டியே நேரம் குறித்துச் சிறு செயல்களைச் செய்யத் தொடங்குவது. ஆர்வம் வந்த பிறகு செயல் என்று நாம் நினைக்கிறோம். சோர்ந்த மனத்துக்குப் பெரும்பாலும் செயல்தான் முதலில் வரும், ஆர்வம் பின்னால் வரும். ஏழு மணிக்கு என்ன செய்யலாம் என்று ஏழு மணிக்கு யோசிப்பவர் தோற்றுப்போவார். காலையிலேயே முடிவு செய்து, இயன்றால் இன்னொருவரிடம் வாக்கும் கொடுத்துவிட வேண்டும். இதையும் மீறி வாரக்கணக்கில் பசியோ தூக்கமோ எதிலும் ஈடுபாடோ இல்லாமல் போனாலோ, உயிர்மேல் வெறுப்பு தோன்றினாலோ, இணையம் இருக்க வேண்டுமா வேண்டாமா என்ற ஆராய்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சாய்வுநாற்காலி எழுதியது:

பின்னூசி, இடைவேளை இருவரும் சொன்ன பிறகு என் வாதத்தைக் கொஞ்சம் கூர்மைப்படுத்திக்கொள்கிறேன். என் எதிர்ப்பு விலகுவதன்மேல் அன்று. விலகுவதையே மருந்து என்று விற்பதன்மேல். மேலும், யாரால் விலக முடியும்? என் மேலதிகாரி இரவு பத்தரை மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, இரண்டு நீலக் குறிகள் வந்துவிட்டனவா என்று பார்ப்பார். அதைப் பார்க்காமல் இருப்பது எனக்கு மனநலம், அவருக்குப் பொறுப்பின்மை. பிரான்சில் 2017 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பணி நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை குறித்து ஊழியர்களோடு பேசியாக வேண்டும் என்று சொல்கிறது. அப்படி ஒரு பாதுகாப்பு இல்லாதவரிடம் போய் அறிவிப்பை அணைத்துவிடுங்கள் என்பது, அவருடைய வேலையை அவரே பணயம் வைக்கட்டும் என்று சொல்வதாகும்.

குறிப்பேடு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இடைவேளை அவர்கள் சொன்ன தாளை ஒரு வாரம் எழுதிப் பார்த்தேன். கைபேசியில் இணையம் இல்லாததால், அதை எடுக்கத் தோன்றிய நேரங்களை மட்டும் குறித்தேன். அலுவலகத்தில் தோன்றியவை பெரும்பாலும் சலிப்பு. மாலையில் தோன்றியவற்றுக்கு முன் கிட்டத்தட்ட ஒரே பெயர்தான் இருந்தது. மனவருத்தத்தால் பேச்சு நின்றுபோன என் தம்பியின் பெயர். இதை இவ்வளவு தெளிவாக நான் எதிர்பார்க்கவில்லை. அவனுக்கு எழுதத் தொடங்கியிருக்கிறேன். அனுப்புவேனா என்பது வேறு செய்தி.

நடைமுறையில் நான் முடிவு செய்திருப்பது இதுதான். கைபேசியில் டேட்டாவைத் திரும்பப் போடப் போவதில்லை. வீட்டில் மட்டும் ஒரு கணினிக்குக் கம்பிவழி இணைப்பு வாங்கிக் கூடத்தில் வைக்கப் போகிறேன், ஏனென்றால் வங்கி வேலைக்கும் பயணச்சீட்டுக்கும் அலுவலகக் கணினியையே எப்போதும் நம்பியிருக்க முடியவில்லை. சாய்வுநாற்காலி அவர்களின் கருத்தையும் ஏற்கிறேன். என்னால் இதைச் செய்ய முடிவதற்குப் பெருங்காரணம், என் அலுவலகத்தில் யாரும் இரவில் செய்தி அனுப்புவதில்லை என்பதுதான்.

இடைவேளை அவர்களிடம் ஒரு கேள்வி மட்டும்: மாலையில் அந்த எண்ணங்கள் வரும்போது அவற்றோடு உட்கார்ந்திருக்க வேண்டுமா, அல்லது நேரம் குறித்த வேலையால் அவற்றைத் தள்ளிவைப்பதும் இன்னொரு வகைத் தப்பி ஓடுதல்தானா?

இடைவேளை எழுதியது:

நல்ல கேள்வி. ஒரே எண்ணம் புதிதாக எதுவும் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தால் அதோடு உட்கார்ந்திருப்பதில் பயன் இல்லை. எழுந்து குறித்த வேலையைச் செய்யுங்கள், அது ஓடுவது ஆகாது. எண்ணம் உங்களிடம் ஏதாவது செய்யச் சொல்கிறது என்றால் அதற்கு நாளில் ஒரு சிறு நேரத்தை, இருபது நிமிடம் போல, ஒதுக்குங்கள். படுக்கைக்கு அருகில் வேண்டாம், மாலையின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு எழுதும் கடிதம் இரண்டாவது வகை. அதை அந்த நேரத்தில் எழுதுங்கள், நேரம் முடிந்ததும் மூடி வையுங்கள், மறுநாள் தொடருங்கள்.

கடைசிப்பெட்டி எழுதியது:

கம்பிவழி இணைப்பு நல்ல யோசனை. என் வீட்டிலும் அப்படித்தான் மாற்றிக்கொண்டேன். குழுவைக் கணினியில் மட்டும் திறக்கிறேன், அம்மாவின் அறையிலிருந்து அழைப்பு மணி கேட்கும் தூரத்தில் மேசை இருக்கிறது. இரவு அவசரத்துக்காக, குழுவில் இருக்கும் இரண்டு பேர் தங்கள் தொலைபேசி எண்களைக் கொடுத்திருக்கிறார்கள். பின்னூசி அவர்கள் நேரம் கிடைக்கும்போது, உலாவியில் ஒரு தளத்தை மட்டும் அனுமதித்து மற்றவற்றைத் தடுப்பது எப்படி என்று தனி இழையாக எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.